லினக்ஸ் சர்வரில் சென்சார் டிரைவர் பிழைகள்: பழுது எந்த அடுக்கில் என்று கண்டறியும் முறை

சர்வரின் வெப்பநிலையைப் பார்ப்பதற்காக ‘சென்சார்ஸ்’ கட்டளையைத் தட்டும் புதியவருக்கு, எதிர்பார்த்த பட்டியலுக்குப் பதிலாக மூன்றில் ஒன்று கிடைப்பதுண்டு: ‘நோ சென்சார்ஸ் ஃபவுண்ட்’ என்ற ஒற்றை வரி, மைனஸ் 128 டிகிரி போன்ற நம்ப முடியாத எண்கள், அல்லது கர்னல் லாகில் (லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் நிகழ்வுப் பதிவில்) நிமிடத்துக்கு நிமிடம் குவியும் ஏசிபிஐ பிழை வரிகள். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸும் இயங்குதளமும் வன்பொருளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஏற்பாடே ஏசிபிஐ. மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. இணையத்தில் முதலில் கண்ணில் படும் கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேறு இடங்களில் நேரத்தை மட்டுமே வீணாக்கும். இங்கோ மின்விசிறியையும் மின்னழுத்தத்தையும் கவனிக்கும் சில்லுகளிலேயே கை வைக்கிறோம். ஆகவே எந்த டிரைவரையும் ஏற்றுவதற்கு முன்பு, பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுக்குகள் இவை. மதர்போர்டிலோ பிராசசருக்கு உள்ளேயோ ஒரு சென்சார் சில்லு இருக்கும். அதை அடைய எஸ்எம்பஸ் (போர்டில் சில்லுகளை இணைக்கும் சிறு தகவல் தடம்), ஐ.ஓ. போர்ட், அல்லது பிராசசரின் உள் பதிவேடு போன்ற ஒரு வழி இருக்கும். அந்த வழியாகப் பேசும் கர்னல் டிரைவர், தான் படித்த மதிப்புகளை ‘சிஸ்’ கோப்பு முறைமையில் ‘ஹெச்டபிள்யூமான்’ என்ற கோப்புறையில் சிறு கோப்புகளாக வைக்கும். எல்எம் சென்சார்ஸ் தொகுப்பின் லைப்ரரி அக்கோப்புகளைப் படித்து மனிதர் படிக்கத்தக்க வடிவில் காட்டும். கண்காணிப்புக் கருவிகள் இந்த லைப்ரரி வழியாகவோ நேரடியாகவோ அதே கோப்புகளைத்தான் படிக்கின்றன.

கட்டளைகள், மாட்யூல்கள் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்புகள்) ஆகியவற்றின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை வழக்கம்போல் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். மாட்யூல் பெயரில் சொற்களுக்கு இடையே அடிக்கோடு வரும்.

முதலில் பார்க்க வேண்டியவை

இயந்திரம் உண்மையானதா, மெய்நிகர் இயந்திரமா என்பதை ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’ கட்டளை ஒரே சொல்லில் சொல்லிவிடும். ‘நன்’ என்று வந்தால் உண்மையான வன்பொருள். கேவிஎம், விஎம்வேர் போன்ற பெயர் வந்தால் தேடலை அங்கேயே நிறுத்தலாம், ஏனெனில் மெய்நிகர் இயந்திரத்துக்குப் பொதுவாக எந்த சென்சாரும் காட்டப்படுவதில்லை. வெப்பநிலையை அதைத் தாங்கும் ஹோஸ்டில்தான் பார்க்க வேண்டும். விஎம்வேரில் பூட் ஆகும்போது ‘பிக்ஸ்4 எஸ்எம்பஸ்: ஹோஸ்ட் கன்ட்ரோலர் நாட் எனேபிள்டு’ என்று ஒரு வரி வந்து பலரைப் பயமுறுத்தும். அது தீங்கற்றது. கண்ணை உறுத்தினால் ‘ஐ2சி பிக்ஸ்4’ மாட்யூலைத் தடைப்பட்டியலில் (தானாக ஏறக் கூடாத மாட்யூல்களின் பட்டியலில்) சேர்த்துவிடலாம்.

உண்மையான வன்பொருள்தான் என்றால், ‘சென்சார்ஸ்’ கட்டளையை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘ஹெச்டபிள்யூமான்’ என்று நேரடியாகப் போக வேண்டும். அங்கே ‘ஹெச்டபிள்யூமான்0’, ‘ஹெச்டபிள்யூமான்1’ என்று கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள ‘நேம்’ என்ற கோப்பை ‘கேட்’ கட்டளையால் திறந்தால் டிரைவரின் பெயர் தெரியும். ‘டெம்ப்1 இன்புட்’ என்ற கோப்பில் 47000 என்று இருந்தால் அது 47 டிகிரி செல்சியஸ், ஏனெனில் வெப்பநிலையைக் கர்னல் டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதுகிறது. மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும், மின்திறன் மைக்ரோவாட்டிலும், விசிறியின் வேகம் நிமிடச் சுழற்சியிலும் இருக்கும். இந்தக் கோப்பில் சரியான எண் இருந்து, கண்காணிப்புத் திரையில் மட்டும் தவறாக வந்தால் கர்னலில் குற்றமில்லை. மேலே உள்ள கருவியின் அமைப்புகளைத்தான் பார்க்க வேண்டும். கோப்புறைகளின் வரிசை எண்கள் நிலையானவை அல்ல, மறுபூட்டுக்குப் பின் 2 என்பது 3 ஆகலாம். எண்ணை நம்பி எழுதிய கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒருநாள் பிராசசரின் வெப்பநிலைக்குப் பதிலாக வட்டின் வெப்பநிலையை அனுப்பத் தொடங்குவது இதனால்தான். எப்போதும் ‘நேம்’ கோப்பைப் படித்து அதன் வழியே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கே கோப்புறையே இல்லை, அல்லது எதிர்பார்த்தது இல்லை என்றால், டிரைவர் ஏறவில்லை என்று பொருள். இன்டெல் பிராசசருக்கு ‘கோர்டெம்ப்’, ஏஎம்டி பிராசசருக்கு ‘கே10டெம்ப்’ பெரும்பாலும் தாமாகவே ஏறிவிடும். என்விஎம்இ வட்டுகளின் வெப்பநிலை 5.5 கர்னலிலிருந்து தானாக வருகிறது. சாட்டா வட்டுகளுக்கு 5.6 கர்னலில் வந்த ‘டிரைவ்டெம்ப்’ மாட்யூலை நாமே ஏற்ற வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 நினைவகத் தகடுகளில் சென்சார் இருந்தால் ‘ஜேசி42’. இவற்றில் சிக்கல் குறைவு. விசிறிகள், மின்னழுத்தம் ஆகியவற்றைக் கவனிக்கும் சூப்பர் ஐ.ஓ. சில்லுகளில்தான் தொல்லைகள் தொடங்குகின்றன. நூவோட்டான் சில்லுகளுக்கு ‘என்சிடி6775’, ஐடிஇ சில்லுகளுக்கு ‘ஐடி87’, ஃபின்டெக் சில்லுகளுக்கு ‘எஃப்71882எஃப்ஜி’ என்று டிரைவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் பல சில்லுகளுக்குப் பொது என்பதால், பெயரில் உள்ள எண்ணும் போர்டில் உள்ள சில்லின் எண்ணும் ஒத்திருக்க வேண்டியதில்லை.

எது தேவை என்று தெரியாதபோது ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஓட்டலாம். அது கேட்கும் கேள்விகளுக்கு, பெரிய எழுத்தில் காட்டப்படும் இயல்பான விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ என்று தட்டுவது வேண்டாம். எஸ்எம்பஸ்ஸில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்க்கும் வேலை சில வன்பொருள்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஐபிஎம் திங்க்பேடுகள் சிலவற்றில் இந்தச் சோதனை ஈப்ராம் நினைவகத்தையே கெடுத்து மடிக்கணினியைத் தொடங்க முடியாமல் செய்தது பழைய வரலாறு. உற்பத்திச் சூழலில் வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் இதை ஓட்டுவதாக இருந்தால் பராமரிப்பு நேரத்துக்கு ஒத்திவைப்பதே என் வழக்கம்.

மாட்ப்ரோப் சொல்லும் பிழைகள்

டிரைவரைக் கையால் ஏற்றும்போது ‘மாட்ப்ரோப்’ ஒரே வரியில் சுருக்கமாகக் கைவிரித்துவிடும். உண்மையான காரணம் கர்னல் லாகில் இருக்கும். எனவே ஒரு முனையத்தில் ‘டிமெஸ்ஜி’ கட்டளையைத் தொடர்ந்து காட்டும்படி திறந்து வைத்துவிட்டு, இன்னொன்றில் மாட்யூலை ஏற்றுங்கள்.

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்றால் அந்த மாட்யூல் கோப்பே இந்தக் கர்னலுக்கு நிறுவப்படவில்லை. உபுண்டுவில் மெய்நிகர் சூழலுக்கான சிறிய கர்னலை உண்மையான இயந்திரத்தில் நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி வரும். ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ பேக்கேஜை, ஓடும் கர்னலின் பதிப்பு எண்ணோடு சேர்த்து நிறுவினால் தீரும். கர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபூட் செய்யாமல் விட்ட சர்வரிலும் இதே பிழை வரலாம். ‘யூநேம்’ காட்டும் பதிப்பையும் மாட்யூல் கோப்புறைகளில் உள்ள பதிப்புகளையும் ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

‘நோ சச் டிவைஸ்’ என்றால் மாட்யூல் இருக்கிறது, அது தேடிய சில்லு இல்லை. தவறான டிரைவராக இருக்கலாம், அல்லது சில்லு மிகப் புதியதாக இருந்து, உங்கள் கர்னல் அதை இன்னும் அறியாமல் இருக்கலாம். இரண்டாவது வகையில் புதிய கர்னலுக்கு மாறுவதே முறையான வழி. கர்னலுக்கு வெளியே யாரோ பராமரிக்கும் டிரைவரைத் தொகுத்துப் போட்டால், செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை ஏற்க மறுக்கும் பாதுகாப்பு) இயக்கப்பட்ட சர்வரில் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்ற பிழை காத்திருக்கும். அதைக் கையொப்பமிட்டு ஏற்ற முடியும். ஆனால் ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்பின்போதும் அந்தச் சுமையைச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஏஎம்டியின் பழைய ஆப்டெரான் சர்வர்களில் ‘கே10டெம்ப்: அன்ரிலையபிள் சிபியு தெர்மல் சென்சார், மானிட்டரிங் டிஸேபிள்டு’ என்ற வரி வருவதுண்டு. இது டிரைவரின் பிழை அன்று. அந்தத் தலைமுறையின் சில பிராசசர்களில் சென்சாரே தவறான மதிப்பைத் தரக்கூடும் என்று ஏஎம்டி தன் பிழைப்பட்டியலில் 319ஆம் எண்ணில் ஒப்புக்கொண்டிருப்பதால், டிரைவர் வேண்டுமென்றே ஒதுங்கிக்கொள்கிறது. ‘ஃபோர்ஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து ஏற்றலாம், ஆனால் வரும் எண்ணை நம்பி எச்சரிக்கை அமைக்கக் கூடாது.

ஏசிபிஐ மோதல்

‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்ற பிழையும், லாகில் ‘சிஸ்டம்ஐஓ ரேஞ்ச் கான்ஃப்ளிக்ட்ஸ் வித் ஆப்ரீஜன்’ என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால், நீங்கள் ஏற்ற முயலும் சில்லைப் பயாஸ் ஏற்கனவே தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறது. இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்பது பயனுள்ளது.

சூப்பர் ஐ.ஓ. சில்லின் மதிப்புகளைப் படிக்கும் முறை இரண்டு படிகளைக் கொண்டது. பதினாறு அடிமானத்தில் 295 என்ற போர்ட்டில் ‘எனக்கு இந்தப் பதிவேடு வேண்டும்’ என்று எண்ணை எழுத வேண்டும். பிறகு 296 என்ற போர்ட்டில் அதன் மதிப்பைப் படிக்க வேண்டும். முகவரி போர்டுக்குப் போர்டு மாறலாம் என்றாலும் முறை இதுதான். லினக்ஸ் டிரைவர் முதல் படியை முடித்து இரண்டாம் படிக்குப் போவதற்குள், பயாஸில் எழுதப்பட்ட ஏசிபிஐ நிரல் குறுக்கே வந்து வேறு பதிவேட்டின் எண்ணை எழுதிவிட்டால், டிரைவர் படிப்பது வேறெதையோ. அகராதியில் ஒருவர் பக்கத்தைப் பிரித்து வைத்துக் கண்ணாடியை மாட்டுவதற்குள் இன்னொருவர் வேறு பக்கத்தைப் புரட்டிவிடுவது போன்றதுதான் இது. படிப்பதில் தவறு நேர்ந்தால் தவறான எண்ணோடு போய்விடும். எழுதும்போது நேர்ந்தால், விசிறியின் வேகத்துக்கென எழுதிய மதிப்பு வேறொரு பதிவேட்டில் போய் விழும். இதனால்தான் 2009இல் வெளிவந்த 2.6.31 கர்னலிலிருந்து, ஏசிபிஐ உரிமை கோரிய போர்ட்டை வேறு டிரைவர் தொடுவதைக் கர்னல் இயல்பாகவே தடுக்கிறது.

இந்தத் தடையை நீக்க, ‘ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்’ என்ற பூட் விருப்பத்துக்கு ‘லாக்ஸ்’ என்ற மதிப்பைக் கொடுக்கச் சொல்லும் அறிவுரை இணையமெங்கும் உண்டு. வீட்டுக் கணினியில் விசிறியின் வேகத்தைப் பார்க்க ஆசைப்படுபவர் அந்தத் துணிச்சலை எடுத்துக்கொள்ளலாம். சர்வரில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பூட் விருப்பம் எல்லா டிரைவர்களுக்கும் சேர்த்துத் தடையை விலக்குகிறது என்பதோடு, அதனால் வரும் தவறு எப்போதாவது ஒருமுறை நேர்வதாக இருக்கும் என்பதால், நேரும்போது அதன் மூலத்தைக் கண்டுபிடிப்பது கடினம். முதலில் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். பிறகு அதே சில்லைப் பாதுகாப்பான வேறு வழியில் அடையும் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசுஸ் போர்டுகள் பலவற்றில் ‘என்சிடி6775’ டிரைவரே புதிய கர்னல்களில் உற்பத்தியாளரின் டபிள்யூஎம்ஐ வழியை (பயாஸின் மூலமாகவே சில்லை அணுகும் இடைமுகத்தை) பயன்படுத்தி இந்த மோதலைத் தவிர்த்துவிடுகிறது. சர்வர்களில் இதைவிட நல்ல வழி ஒன்று ஏற்கனவே போர்டிலேயே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

புரோலயன்ட் சர்வர்களின் மின்திறன் மீட்டர்

ஹெச்பி புரோலயன்ட் வகைச் சர்வர்களில் லினக்ஸ் நிறுவியவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கக்கூடிய பிழை இது. ‘ஏசிபிஐ எரர்: நோ ஹேண்ட்லர் ஃபார் ரீஜன்’ என்று தொடங்கி, அடைப்புக்குள் ‘ஐபிஎம்ஐ’ என்று காட்டி, அடுத்த வரிகளில் ‘பிஎம்எம்’ என்று முடியும் ஒரு செயல்முறையை இயக்க முடியவில்லை என்றும் ‘நாட் எக்சிஸ்ட்’ என்றும் லாக் நிரம்பும். வன்பொருள் பழுதோ என்று பதற வேண்டியதில்லை.

நடப்பது இதுதான். ‘ஏசிபிஐ பவர் மீட்டர்’ என்ற டிரைவர், சர்வர் இழுக்கும் மின்திறனைக் காட்டும் கோப்பு ஒன்றை உருவாக்குகிறது. அந்தக் கோப்பை யாராவது படிக்கும்போது அது பயாஸில் உள்ள ‘பிஎம்எம்’ செயல்முறையை அழைக்கிறது. அந்தச் செயல்முறைக்கு விடை தெரியாது. அது போர்டில் உள்ள மேலாண்மைக் கட்டுப்படுத்தியை, ஐபிஎம்ஐ என்ற தொடர்பு நெறிமுறை வழியாகக் கேட்க முயல்கிறது. அப்படிக் கேட்பதற்குக் கர்னலில் வழி செய்து தருவது ‘ஏசிபிஐ ஐபிஎம்ஐ’ என்ற இன்னொரு மாட்யூல். அது ஏறியிருக்காவிட்டால் கேள்வியை எடுத்துச் செல்ல ஆளில்லை. அதைத்தான் ‘நோ ஹேண்ட்லர்’ என்கிறது லாக். பிழை வரிகள் சீரான இடைவெளியில் வந்தால், அந்த இடைவெளியைக் கண்காணிப்புக் கருவியின் இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்திவிடும், ஏனெனில் கோப்பைப் படிப்பது அதுதான்.

தீர்வு மூன்று வகை. மின்திறன் அளவு வேண்டுமென்றால், பவர் மீட்டர் மாட்யூலை இறக்கிவிட்டு, ‘ஏசிபிஐ ஐபிஎம்ஐ’ மாட்யூலை முதலில் ஏற்றி, அதன்பின் பவர் மீட்டரை மீண்டும் ஏற்ற வேண்டும். பிழை நின்றால், அந்த வரிசையை நிலைப்படுத்த ‘மாட்ப்ரோப்.டி’ கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி, அதில் ‘சாஃப்ட்டெப்’ என்ற சொல்லால் ஒன்றை மற்றொன்றுக்கு முன்தேவையாகக் குறிக்கலாம். அளவு வேண்டாம் என்றால் பவர் மீட்டர் மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்ப்பது எளிது. மூன்றாவதாக, எல்எம் சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் அந்த மீட்டரை ‘இக்னோர்’ செய்யலாம். ஆனால் கோப்பை நேரடியாகப் படிக்கும் கருவிகளை அது கட்டுப்படுத்தாது என்பதால், பிழை தொடர்ந்தால் அந்தக் கருவியிலும் விலக்கு எழுத வேண்டும்.

அதே லாகில் ‘ஹெச்டபிள்யூமான் டிவைஸ் ரெஜிஸ்டர் இஸ் டெப்ரிகேட்டட்’ என்ற வரியும் தென்படலாம். அது டிரைவர் எழுதுபவர்களுக்கான நினைவூட்டல். நிர்வாகி செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

சர்வரில் உரிமையாளர் வேறு

மேலே சொன்ன மேலாண்மைக் கட்டுப்படுத்தியை எல்லோரும் பிஎம்சி என்பார்கள். ஹெச்பியில் ஐலோ, டெல்லில் ஐடிராக் என்று அதற்குப் பெயர். அது தனியே ஓடும் சிறு கணினி. விசிறிகளும் பெரும்பாலான சென்சார்களும் அதனோடுதான் இணைக்கப்பட்டிருக்கும். எனவே சர்வர் போர்டில் ‘சென்சார்ஸ்’ கட்டளை விசிறிகளைக் காட்டவில்லை, அல்லது எல்லாவற்றுக்கும் பூஜ்யம் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் எந்தப் பழுதும் இல்லை. சூப்பர் ஐ.ஓ. டிரைவரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, பிஎம்சியையே கேட்க வேண்டும்.

அதற்கு ‘ஐபிஎம்ஐ எஸ்ஐ’, ‘ஐபிஎம்ஐ டெவ்இன்டிஎஃப்’ என்ற இரு மாட்யூல்களும் ‘ஐபிஎம்ஐடூல்’ பேக்கேஜும் தேவை. ‘ஐபிஎம்ஐடூல் எஸ்டிஆர்’ என்று தட்டினால் சென்சார்களின் பட்டியல் வரும். ‘குட் நாட் ஓப்பன் டிவைஸ்’ என்று வந்தால் இரண்டாவது மாட்யூல் ஏறவில்லை, அல்லது ரூட் உரிமையின்றி ஓட்டியிருக்கிறீர்கள். மாட்யூல்கள் ஏறியும், லாகில் ‘அனேபிள் டு ஃபைண்ட் எனி சிஸ்டம் இன்டர்ஃபேஸ்’ என்று இருந்தால், போர்டில் பிஎம்சி இல்லை அல்லது பயாஸில் முடக்கப்பட்டிருக்கிறது. நேற்றுவரை வேலை செய்தது இன்று பதிலளிக்கவில்லை என்றால் பிஎம்சியே சிக்கிக்கொண்டிருக்கலாம். ‘எம்சி ரீசெட் கோல்ட்’ என்ற துணைக்கட்டளை அதை மட்டும் மறுதொடக்கம் செய்யும், லினக்ஸ் தொடர்ந்து ஓடும். அது எழுந்து வரும்வரை தொலைநிலைக் கன்சோல் துண்டிக்கப்படும், சில இயந்திரங்களில் விசிறிகள் முழு வேகத்தில் இரையும். தரவு மையத்தில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் நல்லது. ‘கேஐபிஎம்ஐ0’ என்ற கர்னல் திரி பிராசசர் நேரத்தை அதிகம் தின்பதாகத் தெரிந்தால், ‘கேஐபிஎம்ஐடி மேக்ஸ் பிஸி யூஎஸ்’ என்ற விருப்பத்தால் அதற்கு வரம்பு கட்டலாம்.

எண் வருகிறது, ஆனால் நம்ப முடியவில்லை

மைனஸ் 128, 127 போன்ற வெப்பநிலைகள் அநேகமாக, சில்லின் கால்களில் (பின்களில்) எதுவும் இணைக்கப்படாத ஒன்றைப் படித்ததன் விளைவு. 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 1 வோல்ட் வருவதற்குக் காரணம் வேறு: நூவோட்டான் சில்லுகள் 8 மில்லிவோல்ட் படிகளில் சுமார் 2 வோல்ட் வரைதான் அளக்கும், அதற்கு மேற்பட்ட அழுத்தத்தைப் போர்டு தயாரிப்பாளர் மின்தடைகளால் குறைத்து அனுப்புகிறார். எந்த மின்தடை என்று டிரைவருக்குத் தெரியாது. ‘சென்சார்ஸ்.டி’ கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி, ‘கம்ப்யூட்’ வரியால் பெருக்கலையும், ‘லேபிள்’ வரியால் பெயரையும், ‘இக்னோர்’ வரியால் வெற்றுக் கால்களையும் ஒழுங்குபடுத்தலாம். பயாஸ் திரை காட்டும் அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் பெருக்கெண்ணை எழுத வேண்டும். ஊகித்து எழுதினால் எண் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

‘கோர்டெம்ப்’ ஓய்வு நேரத்தில் அறை வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டினாலும் பிழையாகக் கொள்ள வேண்டாம். இன்டெல் பிராசசர் தரும் எண், உச்ச வரம்புக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்பதுதான். டிரைவர் அதை வரம்பிலிருந்து கழித்துக் காட்டுகிறது. வரம்பை நெருங்கும்போது துல்லியம் கூடும், குளிர்ந்திருக்கும்போது குறையும். முதல் தலைமுறை ரைசன் பிராசசர்கள் சிலவற்றில் ‘டிசிடிஎல்’ என்ற எண் உண்மையான வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக இருக்கும். அது விசிறியைக் கட்டுப்படுத்த ஏஎம்டி வேண்டுமென்றே சேர்த்தது.

மாற்றங்களை நிலைப்படுத்துதல்

கையால் ஏற்றிய மாட்யூல் மறுபூட்டில் மறைந்துவிடும். வேலை செய்கிறது என்று உறுதியான பின், அதன் பெயரை ‘மாட்யூல்ஸ்-லோட்.டி’ கோப்புறையில் ஒரு கோப்பில் எழுதுங்கள். தடைப்பட்டியலும் விருப்பங்களும் ‘மாட்ப்ரோப்.டி’ கோப்புறைக்குப் போகும். தடைப்பட்டியலில் சேர்த்தும் மாட்யூல் ஏறினால், பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ் பழைய அமைப்போடு இருக்கலாம். டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, ஃபெடோரா வகைகளில் ‘டிராகட்’ கொண்டு அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் தீராத பிழையை விநியோகத்தின் பிழைப்பதிவில் எழுதுவதாக இருந்தால், கர்னல் பதிப்பு, ‘டிஎம்ஐடிகோட்’ காட்டும் போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும், ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியல், மாட்யூலை ஏற்றிய கணத்தில் லாகில் வந்த வரிகள் ஆகியவற்றை வெட்டாமல் முழுமையாகச் சேருங்கள். சர்வரின் வரிசை எண்ணும் ‘டிஎம்ஐடிகோட்’ வெளியீட்டில் இருக்கும். பொது இடத்தில் பதியும் முன் அதை மட்டும் நீக்கிவிடுங்கள்.